உளுந்து பொய் சொல்லாது

டிசம்பர் 2

காலையில் உப்புமா. நேற்றும் உப்புமா. குன்னூரில் டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு இட்லி மாவு பொங்காது, போர்த்திக்கொண்டு தூங்கும். இரண்டு நாள் கெஞ்சினால் மூன்றாம் நாள் மனமிரங்கி ஒரு கொப்புளம் விடும். உப்புமாத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, முட்டியைத் தடவிக்கொண்டே எஸ்தர் பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, இந்தக் குளிரு என் முட்டிக்கு ஆகாது. பிளெஸ்ஸி வீட்டுக்குக் கீழ்போர்ஷன் காலியாகுதாம். வருசம் பொறக்கறதுக்குள்ள சொல்லணுமாம். நாம கோயமுத்தூருக்கே போயிரலாம்."

பிளெஸ்ஸி எங்கள் ஒரே மகள். வடவள்ளியில் இருக்கிறாள். நல்ல பெண். ஆனால் தேயிலைச் செடி இல்லாத ஊரில் எனக்கு என்ன வேலை? முப்பத்திநாலு வருடம் தேயிலை ருசி பார்த்தவன் நான். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் புதன்கிழமைதோறும் போஜனின் ஃபேக்டரிக்குப் போகிறேன். நான் ஒரு வாய் உறிஞ்சி, கொப்பளித்துத் துப்பி, தலையை ஆட்டினால்தான் அவருடைய சரக்கு ஏலத்துக்குப் போகும். இந்த ஊரில் என்னை மனுவேல் என்று யாரும் கூப்பிடுவதில்லை. டேஸ்டர் சார். வடவள்ளியில் நான் பிளெஸ்ஸியின் அப்பா, அவ்வளவுதான்.

"டாக்டர் என்ன சொன்னாரு? ரூமு கதகதப்பா இருக்கணும்னாரா இல்லியா?" என்றாள்.

சொன்னார். அவள் முட்டியைக் காட்டப் போன இடத்தில், கூடப் போன மரியாதைக்காக என் நெஞ்சிலும் குழாயை வைத்துப் பார்த்தார். எனக்கு ஒன்றுமில்லை. அக்டோபரில் வந்த சளியின் மிச்சமாகக் கொஞ்சம் இருமல்.

"கதகதப்புதானே வேணும்? ஒரு ரூம் ஹீட்டர் வாங்கிடறேன்."

"கதகதப்பா இருக்குதுன்னு யாரு சொல்றது? நீங்களா? ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டே சுகமா இருக்குதும்பீங்க."

தெர்மாமீட்டர் வைக்கலாம் என்றேன். கண்ணாடிக் குழாயை எல்லாம் நம்ப மாட்டாளாம். "காலையில ஏழு மணிக்கு மாவாட்டி ஹால்ல வெக்கிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அது பொங்கி மூடித்தட்டைத் தூக்கியிருக்கணும். மூணு நாளு தொடர்ந்து தூக்குச்சுன்னா இங்கயே இருக்கலாம். இல்லாட்டி மூட்டை கட்டணும். மனுசன் பொய் சொல்லுவான், உளுந்து பொய் சொல்லாதுங்க."

நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். என் வீடு, என் ஊர், என் புதன்கிழமைகள் எல்லாம் ஒரு பானை மாவின் கையில் இருக்கின்றன. பயமில்லை. தரம் பார்ப்பது என் தொழில்.

டிசம்பர் 3

ஹனீபா பாய் கடை. மூன்று விதமான ஹீட்டர் வைத்திருந்தார். காற்று ஊதுவது, கம்பி சிவப்பது, எண்ணெய் உள்ளது. எடுத்த எடுப்பில் விலை கேட்பவன் நானல்ல. ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தேன், வயரை விரலால் நசுக்கினேன், தட்டிச் சத்தம் கேட்டேன்.

"சார், இது தேங்கா இல்ல," என்றார் பாய்.

காற்று ஊதுகிற ஹீட்டர் கைக்கு அடக்கமாக, லேசாக, பார்க்க அழகாக இருந்தது. அதையே எடுத்தேன். லேசான சரக்கில் ஏதோ குறை இருக்கும் என்று தேயிலையில் எனக்குத் தெரியும். ஹீட்டரில் தெரியவில்லை.

டிசம்பர் 4

முதல் சோதனை. காலை ஏழு மணிக்கு மாவுப் பானை ஹாலுக்கு வந்தது. மூடிக்குப் பதில் ஒரு எவர்சில்வர் தட்டு. ஹீட்டரை டிவி பக்கத்துப் பிளக்கில் சொருகிவிட்டு, அதை ஒட்டியே நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பெழுதினேன். சத்தம் மிக்ஸி ஓடுவதுபோல. எதிரே உட்கார்ந்தால் முகம் வெந்தது, ஒரு முழம் தள்ளினால் ஹீட்டர் இருப்பதே தெரியவில்லை.

பதினொரு மணி இருக்கும். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எஸ்தர், முட்டி வலி உள்ளவள் என்பதையே மறந்து ஓடி வந்தாள். "என்னங்க, கருகுது! மூக்குக்குப் பக்கத்துல கருகுது, உக்காந்துட்டே இருக்கீங்க!"

திரும்பிப் பார்த்தால் பிளக் பழுப்பாகி இளகியிருந்தது. எழுத்தில் மூழ்கியிருந்ததால் நான் கவனிக்கவில்லை. இவளுக்குத்தான் வயதாக ஆகப் போலீஸ் நாய் மூக்கு வந்துகொண்டிருக்கிறது.

மாவு அசையவில்லை.

டிசம்பர் 5

பாய் ஹீட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "பவர் பிளக்ல போடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார். டிவி பிளக்ல போட்டா அது என்ன பண்ணும்?" படிச்சுப் படிச்சுச் சொன்னாராம். ஒரு தடவைதான் சொன்னார்.

டிசம்பர் 8

கம்பி ஹீட்டர். இரண்டு கம்பிகளும் பழுத்துச் சிவந்தன. பார்க்கத் திருப்தியாக இருந்தது. இந்த முறை பவர் பிளக், வயரின் கனம், பிளக்கின் தடித்த கால்கள் எல்லாம் பார்த்துத்தான் போட்டேன். சாய்ந்தால் தானே அணைகிறதா என்று குடைக்கம்பால் தள்ளிப் பார்த்தேன். அணையவில்லை. தரைவிரிப்பில் முகம் குப்புற விழுந்தும் சிரித்துக்கொண்டே எரிந்தது. எஸ்தர் வருவதற்குள் நிமிர்த்திவிட்டேன். விரிப்பில் ஒரு பொசுங்கல். அதன் மேல் முக்காலியை நகர்த்திவைத்தேன்.

இந்த ஹீட்டருக்கு நேர்பார்வை மட்டும்தான் உண்டு. முன்பக்கம் முழங்கால் வறுபடுகிறது, பின்பக்கம் முதுகு விறைக்கிறது. சாயங்காலம் தட்டைத் தூக்கினால் பானையின் ஹீட்டர் பக்கத்து மாவு மட்டும் கொஞ்சம் எழும்பி, மறுபக்கம் அப்படியே கிடந்தது.

"பாதி மாவு கோயமுத்தூரு போயிருச்சு, மீதி குன்னூர்லயே நிக்குது," என்றாள். பிறகு முக்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள். பொசுங்கலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பாய் இதையும் எடுத்துக்கொள்வார்.

டிசம்பர் 10

போஜனோடு மனத்தாங்கல். இனிமேல் புதன்கிழமை போவதாக இல்லை.

எட்டுக் கோப்பை வரிசையாக வைத்திருந்தார். உறிஞ்சினேன், துப்பினேன், வெந்த இலையை முகர்ந்தேன். மூன்றாவதும் ஆறாவதும் ஒரே சரக்கு, இரண்டும் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். போஜன் தயங்கினார். "சார், ஆறாவது போன வருசத்துச் சரக்குங்க. மூட்டை நனைஞ்சு பூஞ்சை புடிச்சது. கலந்துராம தெரிஞ்சுக்கலாமேன்னுதான் வெச்சேன்."

புதிய இலைக்கும் பூஞ்சைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குத் தேயிலையின் தரம் இறங்கிவிட்டது. அதை அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன். முப்பத்திநாலு வருடத்தில் இப்படி ஒரு மோசமான பருவத்தைப் பார்த்ததில்லை. இரண்டு மாதமாகவே எந்தத் தேநீரும் வெந்நீராகத்தான் இருக்கிறது.

எஸ்தரிடம் சொன்னேன். முட்டுக்கொடுத்து இரண்டு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தால், மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். ரசமும் சுமார்தான்.

டிசம்பர் 13

எண்ணெய் ஹீட்டர் வந்தது. கைப்பெட்டிபோல ஒன்பது தகடு, நாலு சக்கரம், தூக்கினால் இடுப்பு பிடிக்கும் எடை. பாய் ஆளில்லாமல் தானே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். அவர் போன பிறகுதான் எண்ணெய் ஊற்றும் துவாரத்தைத் தேடினேன். மேலே இல்லை, கீழே இல்லை. கவிழ்த்துப் பார்த்தும் இல்லை.

"எந்த எண்ணெ ஊத்தணும்?" என்றாள் எஸ்தர். "நல்லெண்ணெ குளிர்ச்சி, ஆகாது. தேங்கா எண்ணெ இந்தக் குளிருக்கு உறைஞ்சுரும். கடலெண்ணெ ஊத்துனா வீடு பூரா போண்டாக் கடை மாதிரி இருக்கும்."

பாய்க்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் சிரித்தார். எண்ணெய் உள்ளேயே வைத்து மூடியிருக்கிறதாம், ஆயுசுக்கும் ஊற்ற வேண்டாமாம். "எண்ணெயைத் தொடாம ஓட்டுங்க சார், அது போதும்." இந்த விஷயம் இதற்குள் மார்க்கெட் முழுக்கப் பரவியிருக்கும்.

டிசம்பர் 14

நியாயமாகச் சொல்ல வேண்டும். இது நல்ல சரக்கு.

சத்தமே இல்லை. சூடாக அரை மணி எடுத்துக்கொள்கிறது, ஆனால் சூடானபின் ஹாலின் நாலு மூலைக்கும் ஒரே மாதிரி பரவுகிறது. அணைத்த பிறகும் முக்கால் மணி நேரம் கதகதப்பு நிற்கிறது. வேண்டிய சூடு வந்ததும் 'டக்' என்று தானே ஓய்கிறது, குறைந்ததும் தானே விழித்துக்கொள்கிறது. சாய்த்தால் அணைகிறது. பிளக்கை ஒரு மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. ஹீட்டரை முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கக் கூடாது, முதுகுக்குப் பின்னால் வைத்து மறந்துபோக வேண்டும். மறக்க முடிந்தால் அது நல்ல ஹீட்டர். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

ஆனால் மாவுக்கு என் தீர்ப்பு தெரியவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குத் தட்டுக்கு நாலு விரல்கடை கீழே நின்றுவிட்டது. எஸ்தர் எட்டிப் பார்த்து, "பாவம், முயற்சி பண்ணியிருக்குது," என்றாள்.

நாலு விரல்கடைக்காக ஒருவன் ஊரை விடுவதா? நல்ல சரக்குக்கு ஒரு சிறு கைத்தாங்கல் கொடுப்பதில் தப்பில்லை.

டிசம்பர் 15

பேக்கரியில் கிறிஸ்துமஸ் கூட்டம். இரண்டு பொட்டலம் ஈஸ்ட் கேட்டேன். "மேடம் வீட்டுல பன்னு போடறாங்களா சார்?" என்றான். ஆமாம் என்றேன். மழைக்கோட்டுப் பையில் ஒளித்துவைத்திருக்கிறேன். ஈஸ்டுக்கு வாசனை கிடையாது. எதற்கும் இரண்டு தரம் முகர்ந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

டிசம்பர் 16

அவள் குளிக்கப் போனபோது ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன்.

நாலு மணிக்கே தட்டு ஆடியது. ஐந்துக்கு ஒரு பக்கம் தூக்கியது. ஆறுக்குத் தட்டு கீழே விழுந்து ஹால் முழுக்க உருண்டது. ஏழு மணிக்கு மாவு பானையை விட்டு இறங்கி மேசையில் நடந்துகொண்டிருந்தது. எஸ்தர் இடுப்பில் கைவைத்து நின்று வெகுநேரம் பார்த்தாள். குனிந்து மூச்சை இழுத்தாள்.

"நல்ல ஹீட்டருங்க," என்றாள்.

ஒன்று.

டிசம்பர் 17

இன்று அரை ஸ்பூன். அளவோடு பொங்கியது. நேற்றைய மாவில் காலையில் இட்லி, ஆறு சாப்பிட்டேன். பஞ்சு. அவள் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இட்லி எப்புடி இருக்குதுங்க?"

"வழக்கம்போல நல்லாத்தான் இருக்கு."

"வாசனை?"

"உளுந்து வாசனை. அதுக்கென்ன?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். சட்னி எடுத்துவர இவ்வளவு நேரமா என்று குரல் கொடுத்தேன். சட்னி இல்லாமல்தான் வந்தாள். வெங்காயம் நறுக்கினாள்போல, கண் சிவந்திருந்தது.

இரண்டு.

டிசம்பர் 18

காலையில் ஒரே பதற்றம். மழைக்கோட்டுப் பையில் ஈஸ்ட் இல்லை. மற்ற கோட்டுகள், அலமாரி, பைபிளுக்குப் பின்னால், எங்கும் இல்லை. கேட்கவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. நாள் முழுக்க ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து மாவுக்காக ஜெபித்தேன்.

என்ன ஆச்சரியம்! சாயங்காலம் ஏழு மணிக்குப் பானை வழிந்தது. முதல் நாளைவிட மேலாக. எந்தக் கைத்தாங்கலும் இல்லாமல், ஹீட்டர் தன் சொந்தப் பலத்தில் தூக்கியிருக்கிறது! இப்போது மனசாட்சிக்கும் நிம்மதி.

மூன்று. நாட்காட்டித் தாளை எடுத்துக் கொடுத்தேன். "ஜெயிச்சுட்டீங்க," என்றாள் எஸ்தர். "குன்னூர்லயே இருக்கலாம்."

இரவுச் சாப்பாட்டுக்குச் சூடாக இட்லி. எட்டு சாப்பிட்டேன். அவள் தொடவில்லை, பசியில்லையாம்.

டிசம்பர் 20

நேற்று எழுதாமல் தள்ளிப்போட்டதை இன்று எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை எஸ்தர் ஈஸ்ட் பொட்டலங்களை மேசைமேல் வைத்தாள். ஒன்று நான் பிரித்தது. மற்றதும் காலி. இரண்டிலும் இருந்ததை மூன்றாம் நாள் மாவில் கொட்டியவள் அவள்தான்.

"நான் ஜெயிக்கணும்னா போட்டே?" என்று கேட்டேன். அப்போதும் என் புத்தி அப்படித்தான் போனது.

"மொத நாளு மாவு பொங்குனப்பவே வீடு பேக்கரி மாதிரி மணந்துச்சுங்க. கொல்லையில நின்னாக்கூட பன்னு வாசம். எந்தத் தோட்டத்துத் தேயிலைன்னு இலையை மோந்து சொல்ற மனுசன், பன்னு வாசம் அடிக்கிற இட்லியை உளுந்து வாசனைன்னு சொல்றாரு. ஒருவேள வம்புக்குச் சொல்றீங்களோன்னு பாத்தேன். அதான் மூணாம் நாளு முழுசாக் கொட்டினேன். புளிச்சு நாறுச்சு, எனக்குக் குமட்டுச்சு. நீங்க தட்டுமேல குனிஞ்சு எட்டு சாப்பிட்டீங்க."

நான் காலிப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

"முன்னயே எனக்குச் சந்தேகந்தான், பிளக் கருகுனப்ப அது பலமாச்சு. நீங்க கைநீட்டுற தூரத்துல உக்காந்திருந்தீங்க. நான் இல்லாட்டி?"

எத்தனை நாளாக என்று கேட்டாள். அக்டோபர் சளியிலிருந்து என்றேன். ஒரு நாள் காலையில் கோப்பையைத் தூக்கினேன், உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த நாள் வரும், அடுத்த வாரம் வரும் என்று பார்த்தேன். போஜனிடம் நிறத்தைப் பார்த்தும் நாக்கில் படும் துவர்ப்பை வைத்தும் சமாளித்தேன். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது, எஸ்தர். இந்த மூக்கு இல்லாவிட்டால் நான் யார் என்று கேட்டேன். அழுதேன். அறுபத்தொரு வயதில், ஒரு எண்ணெய் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவளும் அழுதாள். எங்களுக்குள் யாருக்கு அழுகை முதலில் நின்றது என்று தெரியவில்லை.

"டாக்டர் ரூமு கதகதப்பா இருக்கணும்னு சொன்னது உங்க நெஞ்சுக்குங்க," என்றாள் கடைசியில். "மூக்கைப் பத்தியும் நான் கேட்டேன். பனியும் குளிரும் படாம கீழ கொண்டுபோங்க, அங்க மூக்குக்குப் பெரிய டாக்டருங்க இருக்காங்கன்னாரு. நீங்க வெளிய செருப்பு மாட்டிட்டு இருந்தீங்க. உங்களுக்குன்னு சொன்னா வருவீங்களா? அதான் முட்டிமேல பழியைப் போட்டேன். ஆனா பந்தயத்துல நீங்க ஜெயிச்சாச்சு. நான் பேச்சு மாற மாட்டேன். நீங்க சொல்றதுதான்."

இதுதான் அநியாயம். தோற்கடித்திருந்தால் முறைத்துக்கொண்டாவது போயிருப்பேன்.

டிசம்பர் 21

பிளெஸ்ஸிக்கு நானே போன் செய்தேன். கீழ்போர்ஷனைச் சொல்லிவிடு, வருகிறோம் என்றேன்.

"அம்மா முட்டிக்காகவாப்பா?"

ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். எஸ்தர் வாசல்படியில் நின்றிருந்தாள்.

"இல்லம்மா. எனக்காக. எனக்கு ரெண்டு மாசமா வாசனை தெரியல."

"தெரியும்ப்பா," என்றாள். "அம்மா சந்தேகமா இருக்குன்னு நவம்பர்லயே சொன்னாங்க. வீட்டையும் அப்பவே சொல்லி வெச்சாச்சு."

போனை வைத்துவிட்டு எஸ்தரைப் பார்த்தேன். "வீட்டை நவம்பர்லயே பேசி முடிச்சுட்டு, அப்புறம் எதுக்குடி பானை, தட்டு, பந்தயமெல்லாம்?"

"நீங்களே உங்க வாயால சொல்லட்டும்னுதான்," என்றாள். "நானாக் கூட்டிட்டுப் போயிருந்தா மூணு மாசத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்பீங்க. யாரு பாக்கறது?"

டிசம்பர் 23

போஜனைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். அவரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு மாதமாக நான் பார்த்த கோப்பைகளையெல்லாம் நான் படியிறங்கியதும் வேறொருவர் திரும்பப் பார்த்திருக்கிறார். "உங்களைக் காயப்படுத்த மனசு வரலைங்க சார்." ஆக, ஊரில் எல்லாருக்கும் என் மூக்கைப் பற்றித் தெரிந்திருக்கிறது. மூக்குக்குச் சொந்தக்காரன்தான் ரகசியம் காத்திருக்கிறேன்.

ஹீட்டரை ஃபேக்டரி அறைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அவரிடமே கொடுத்தேன். எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று கேட்டார். கேட்காமல் இருந்தால்தான் அதிசயம்.

டிசம்பர் 25

ஆலயம். கேக். மூட்டை கட்டியது.

சனவரி 7, வடவள்ளி

மூக்கு டாக்டர் விளக்கடித்து உள்ளே பார்த்தார். வரலாம், வராமலும் போகலாம், ஆவி பிடியுங்கள், பொறுமையாக இருங்கள் என்றார். நெஞ்சுக்குத் தனியாக மருந்து. இருமல் குறைந்திருக்கிறது. ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன், உடம்பு யாருடையதோபோல் இருக்கிறது.

இன்று காலை எஸ்தர் காபி கொண்டுவந்தாள். பழக்கதோஷம், குடிக்குமுன் கோப்பையை மூக்குக்குக் கீழே பிடித்தேன். ஒன்றும் இல்லை. அவள் பார்த்துவிட்டாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். என் கையிலிருந்த கோப்பையை வாங்கி, கண்ணை மூடி, நான் செய்வதுபோலவே நீளமாக மூச்சை இழுத்தாள்.

"கொஞ்சம் தீஞ்ச வாசம் அடிக்குது, பிளெஸ்ஸி கொட்டையைக் கருக வறுத்திருக்கா. சிக்கரி சாஸ்தி. பாலு நல்ல பாலு, பசும்பாலு. அடியில ஈரத்துணி வாசம் வருது, அது காபி இல்ல, என் முந்தானை. அப்புறம் பக்கத்து வீட்டுல யாரோ கருவாடு வறுக்கறாங்க, அதுவும் உள்ள வருது."

ஒரு வார்த்தையும் தொழிலுக்கு உதவாது. இப்படிச் சொல்கிறவளை எந்த ஃபேக்டரியிலும் வாசலுக்குள் விடமாட்டார்கள்.

"இன்னும் சொல்லு," என்றேன்.